முழந்தாளிட முடியாத காலோடு ஓர் ஓவர்

யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்த சங்கதி இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புறக்கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. இடது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். அந்தக் காலோடு நான் பந்து வீசிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட்தான். சிரிக்காமல் முழுவதையும் கேளுங்கள்.

எங்கள் பங்கில் திருவிழா நெருங்கினால் அன்பியங்களுக்கிடையே சொஃப்ட்போல் கிரிக்கெட் நடக்கும். அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஜெபம் சொல்கிற சிறு குழு. ஒரு அணிக்கு ஆறு பேர், ஐந்து ஓவர். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆளுக்கு ஒரு ஓவர் போட்டே ஆகவேண்டும். அந்த ஆறு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். திருவிழா என்றால் எங்களுக்குக் கட்லட் பொரிக்கிற வேலை மட்டும்தானா என்று பெண்கள் சண்டை பிடித்து வாங்கிய சட்டம் அது. பள்ளிக்கூட அணிகளில் விளையாடுகிற குமர்ப்பிள்ளைகளை இறக்கி வெல்லப் பார்ப்பார்கள் என்று, கல்யாணம் கட்டிய பெண்ணாக இருக்கவேண்டும் என்பதையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் போடுகிற ஓவருக்கு ‘அன்ரி ஓவர்’ என்று பெயர். அதில்தான் மெட்ச் வெல்வதும் தோற்பதும். மற்ற அன்பியங்களின் அன்ரிமார் கையைக் கீழே வைத்து உருட்டிவிடுவார்கள், பையன்கள் மதிலுக்கு மேலால் அடிப்பார்கள். நான் மட்டும் கையைச் சுழற்றி மேலால் போடுவேன். நாலு அண்ணன்மாரோடு ஒழுங்கைக்குள் வளர்ந்தவள் நான். எனக்கு பெட் தரமாட்டார்கள், போல் மட்டும்தான் கையில் தருவார்கள். அதனால் போடப் பழகினேன். ஓடிவந்து வேகமாகப் போடுவேன். எங்கள் அன்பியத்தின் துருப்புச் சீட்டு நான்தான் என்று சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

பிறகு முழங்கால் வந்து குறுக்கே நின்றது. முதலில் கந்தோர்ப் படி இறங்கும்போது ஒரு குத்து. அப்புறம் மடக்கி நீட்டினால் மடக் மடக் என்று சத்தம். காலையில் கட்டிலை விட்டு எழும்பினால் முதல் கொஞ்ச நேரத்துக்குக் கால் என் பேச்சைக் கேட்காது. படி இறங்குவதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, நோகிற காலை முதலில் இறக்கி, மற்றக் காலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பேன். யாராவது பார்த்தால் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றுவிடுவேன்.

ஒரு ஞாயிறு பூசையில், குருவானவர் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்ற நேரம், எல்லோரோடும் நானும் முழந்தாளிட்டேன். எழும்ப முடியவில்லை. கோயில் முழுக்க எழும்பி நிற்க, நான் மட்டும் தரையில். பக்கத்து வாங்கில் இருந்த இரண்டு பேர் எழும்பி வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து கோயிலின் கடைசியில் ஒரு கதிரையில் இருக்கத் தொடங்கினேன். எங்கள் ஆட்களிடம் இது சின்ன விஷயம் இல்லை. முழந்தாளிடாமல் கதிரையில் இருப்பவளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே பார்த்த டொக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “வயசு போகுது தானே. ஓடுறது பாயிறது எல்லாத்தையும் விட்டுடுங்க” என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். என் கணவருக்குப் பெரிய சந்தோசம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நேரத்துக்குச் சோறு கிடைக்கும் என்று நினைத்திருப்பார். நான் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கந்தோரில் கூட வேலை செய்கிறவர்தான் வெள்ளவத்தையில் ஒரு ஃபிஸியோதெரபி செய்கிற பிள்ளை இருக்கிறா, போய்ப் பாருங்கள் என்றார்.

அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகளைவிடவும் இளையவள். காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “அன்ரி, இந்தக் கால் சுகமானால் முதல்ல என்ன செய்ய விருப்பம், சொல்லுங்கோ” என்று கேட்டாள். கோயிலில் முழந்தாளிட வேண்டும் என்றேன். “சரி, அதுக்கு அடுத்தது?” என்றாள். நான் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை. பந்து போடவேண்டும் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த தோடம்பழத்தை எடுத்து என் கையில் தந்து, நடைபாதையில் போட்டுக் காட்டச் சொன்னாள். நானும் கைப்பையை வைத்துவிட்டு இரண்டடி ஓடிப் போட்டுக் காட்டினேன். தோடம்பழம் உருண்டுபோய்க் காத்திருந்த ஒரு ஐயாவின் காலில் பட்டது. அவர் அதைத் திருப்பி எறிந்துவிட்டு, “நோ போல்” என்றார். எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அவள் விளங்கப்படுத்தியது இதுதான். வெறும் தரையில் முழங்காலை மடித்து உடம்புப் பாரத்தை அதன்மேல் போடுவதுதான் என் மூட்டுக்கு ஆகாத காரியம். மெதுவாக நடந்து வந்து பந்து போடுவது அந்தளவு கெடுதல் இல்லை, தொடையில் பலம் இருந்தால். “நான் பந்து போடுறதை விடச் சொல்லேல்லை அன்ரி. ஓடுறதை விடச் சொல்லுறன். முன்கால் நேரா விழவேணும், ஊண்டின காலில திரும்பக் கூடாது. ஒரு இடத்தில நிண்டு விறைக்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கோ. கொஞ்சம் நொந்தால் நிண்டு மூச்சு விடுங்கோ, பயப்பிடாதேங்கோ. கால் வீங்கினால் மட்டும் நிப்பாட்டிப்போட்டு என்னட்டை வாங்கோ” என்றாள்.

அன்றிலிருந்து என் வீடு சிரிப்பாய்ச் சிரித்தது. காலையில் கதிரையில் இருந்துகொண்டு கணுக்காலில் சிவப்பரிசிப் பக்கற்றைக் கட்டித் தூக்கித் தூக்கி இறக்குவேன். என் கணவர் பேப்பருக்கு மேலால் பார்த்து, “அரிசி வேகுதா?” என்று கேட்பார். பின்னேரம் பந்து போட்டுப் பழகிவிட்டு வந்தால் முழங்காலுக்கு ஐஸ் வைக்கவேண்டும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஐஸ் கட்டுகிற நிலையில் இல்லை. மூலைக் கடையில் பிள்ளைகள் வாங்கிச் சூப்புகிற ஐஸ்பக்கற் இரண்டை வாங்கித் துணியில் சுற்றி வைத்துக்கொள்வேன். உருகியதும் என் கணவர் அதைக் குடித்துவிடுவார். முழங்கால் மணக்கிறது என்று ஒருநாள் குறையும் சொன்னார்.

வேகம் போய்விட்டது. அதுதான் முதலில் தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே கார் விடுகிற இடத்தில் சுவரில் கரியால் ஸ்டம்ப் கீறி, மூன்றடி நடந்து வந்து போட்டுப் பார்த்தேன். பந்து மிதந்து மிதந்து போனது. என் கணவர் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் அடித்து விளாசினார். பிறகு ஒருநாள் பந்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். அவர் முந்திச் சுழற்றிவிட்டு அப்படியே நின்றார். பந்து ஆறுதலாக வந்து சுவரில் பட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “இன்னொண்டு போடு” என்றார். அன்றைக்குப் பொழுதுபடும்வரை அந்த மனுசன் என்னை விடவில்லை.

நான் சந்தோசத்தில் கீழே பழகிக்கொண்டிருக்க, கோயிலில் கதை கிளம்பியது. எங்கள் பங்கில் ஜெபக்கூட்டத்தை நடத்துகிற ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு, கண்டிப்பான ஆள், வேறு அன்பியத்தைச் சேர்ந்தவர். நான் பழகுவதை ஒழுங்கையால் போகும்போது பார்த்திருக்கிறார். “கோயில்ல முழந்தாள் போட ஏலாதாம், பந்து போட ஏலுமாம். அது என்ன கால்?” என்று கேட்டாராம். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நான் கதிரையில் இருந்தபோது முன் வாங்குகளிலிருந்து திரும்பிய ஒவ்வொரு தலையும் அதையே கேட்ட மாதிரி இருந்தது. அவர் பங்குத்தந்தையிடமும் போய், ஆண்டவருக்கு முன் முழந்தாளிடாதவர் திருவிழா விளையாட்டில் குதித்தால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். பங்குத்தந்தை நல்ல மனிதர், ஆனால் வம்புக்குப் பயந்தவர். தனக்குக் கிரிக்கெட் விளங்காது, அன்பியமே முடிவெடுக்கட்டும் என்று நழுவிவிட்டார்.

எங்கள் அன்பியம் ஒரு வீட்டில் கூடியது. ஜெபமாலை முடிந்ததும் எங்கள் கெப்டன் தலையைச் சொறிந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தம்பி, அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஆட்டிப்படைக்கிறவனுக்கு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தைரியம் இல்லை. “அன்ரி, இந்த முறை என்ட வைஃபப் போடுவமா? உங்களுக்கும் கால் நோவு தானே” என்றான். அவன் மனைவி நல்ல பிள்ளை, ஆனால் பந்தை எடுத்தால் எந்தப் பக்கம் போகும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எழும்பி நின்றேன். “முழந்தாள் போட ஏலாத காலோடதான் நான் கோயிலுக்கு வாறன். அதே காலோடதான் விளையாடவும் வருவன். எந்தக் கால வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்றீங்க?” என்று கேட்டேன். பிறகு கெப்டனின் மனைவிதான் முதலில் சிரித்தாள். “அன்ரியே போடட்டும், எனக்கு ஏலாது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், என் பெயர் நின்றது.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் என் கணவர் சிரிக்கவில்லை. “சரி. மெட்ச் முடிஞ்சு நீ நொண்டாம நடந்து வந்தா அடுத்த வருஷமும் போடு, நான் வாய் திறக்க மாட்டன். நொண்டினா இதோட முடிஞ்சுது. ஊர் வாயில உன்ன விட என்னால ஏலாது” என்றார். நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நொண்டினால் என் பந்துவீச்சு அன்றோடு சரி.

அந்த ஞாயிறு விடிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கொடி, பேண்ட், கட்லட் வாசனை, மூன்று மொழியிலும் கூச்சல். முதல் ஆட்டங்களில் என் ஓவர் நன்றாகவே போனது. ஓடிவருவேன் என்று பார்த்திருந்தவர்கள் நான் நடந்து வருவதைக் கண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். எங்கள் விக்கெட் காப்பாளர் ஒரு சிங்களத் தம்பி. ஒவ்வொரு பந்துக்கும் “ஹெமின் அக்கே, ஹெமின்” என்பான். மெதுவாக, மெதுவாக. அதுதான் எனக்கு மந்திரம்.

இறுதி ஆட்டம் யாரோடு என்று நினைக்கிறீர்கள்? ஜெபக்கூட்ட அக்காவின் அன்பியத்தோடுதான். போன வருடம் கப் எடுத்தவர்கள். அவர்களுடைய ‘அன்ரி’ அவரேதான். சேலை கட்டிக்கொண்டே இறங்குவார், நின்ற இடத்திலிருந்து கீழ்க்கையால் போடுவார். அது சும்மா லொட்டுப் பந்து. ஆனால் எங்கள் பையன்களுக்கு அதை ஓங்கி அடிக்கப் பயம், அடுத்த ஜெபக்கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அந்த ஓவரிலேயே எங்களுக்கு வரவேண்டிய ஓட்டங்கள் குறைந்துவிட்டன.

அவர்கள் அடிக்க வந்தார்கள். அக்காவின் மகன் முதலிலேயே இறங்கினான். துறைமுகத்து வேலைக்காரன், தோள் இரண்டும் கதவு மாதிரி. வழக்கமாக அன்ரி ஓவரை முதலில் முடித்துவிடுவார்கள். எங்கள் கெப்டன் அவனைக் கண்டு பயந்து என் ஓவரைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் மிச்சம் இருந்தது என் ஓவர் மட்டும்தான். அந்த நேரமெல்லாம் நான் எல்லையோரத்தில் வட்டமாக நடந்துகொண்டே இருந்தேன், கால் விறைக்கக் கூடாதே. “அன்ரி சிலுவைப்பாதை செய்யிறாங்க” என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், நடையை நிறுத்தவில்லை.

கடைசி ஓவர். சமப்படுத்த அவர்களுக்குப் பத்து ஓட்டம். எங்கள் பங்கின் வழக்கப்படி சமமானால் கப் பழைய ஆட்களிடமே இருக்கும், அதனால் அவர்களுக்குச் சமமே போதும். மகன்தான் அடிக்க நின்றான். முதல் பந்தையே தூக்கி அடித்தான். மதிலுக்கு அப்பால் எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஆறு. கெப்டன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இரண்டாவதை நன்றாக மேலே தூக்கிவிட்டேன். முந்திச் சுழற்றினான், படவில்லை. மூன்றாவது பந்துக்கு நடந்து வந்தபோது மண்ணில் ஒரு பள்ளம். இடது கால் அதில் விழுந்தது. முழங்காலுக்குள் யாரோ ஊசியை இறக்கிய மாதிரி. பந்து எங்கோ போய் வைட். நான் குனிந்து நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் கதிரையை விட்டு எழும்பியதைப் பார்த்தேன். இவ்வளவும் செய்தும் இப்படியா முடியப் போகிறது?

நின்று மூச்சு விடுங்கோ, பயப்பிடாதேங்கோ. அந்தப் பிள்ளையின் குரலை நினைத்தேன். மூச்சு விட்டேன். ஒரு வட்டம் நடந்தேன். ஊசி மெதுவாக வெளியே வந்தது. காலைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை. பள்ளத்தைக் காலால் மண் தள்ளி மூடிவிட்டு, மூன்றடியை ஒரு அடியாக்கினேன். நின்ற இடத்திலிருந்து ஒரே அடி. பந்து முன்னையைவிட மெதுவாகப் போனது. மகன் தட்டி ஒரு ஓட்டம் எடுத்து என் பக்கம் வந்து நின்றான். அடுத்தவன் ஒரு பந்தைத் தொடவே இல்லை. அதற்கடுத்த பந்தில் பின்வாங்கி அடிக்கப் பார்த்தான், ஸ்டம்ப் சரிந்தது. மைதானம் அதிர்ந்தது. சிங்களத் தம்பி ஓடிவந்து என்னைத் தூக்கப் பார்த்தான், காலைக் காட்டி வேண்டாம் என்றேன்.

மிச்சம் ஒரு பந்து. சமப்படுத்த இரண்டு ஓட்டம். அடிக்க வருவதற்கு அவர்களிடம் மிஞ்சியிருந்தவர் ஜெபக்கூட்ட அக்கா.

மைதானத்துக்கு இறங்க நாலைந்து சீமெந்துப் படிகள் உண்டு. அக்கா பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். பக்கவாட்டாகத் திரும்பினார். ஒரு காலை இறக்கினார், மற்றக் காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். நடுப்படியில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். தலைப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்த இறக்கம் என்னுடைய இறக்கம். அந்தச் சும்மா நிற்றலும் என்னுடையதுதான். இத்தனை சனத்தில் வேறு ஒருவருக்கும் அது தெரியவில்லை, பெற்ற மகனுக்கும் தெரியவில்லை. அவன் என் பக்கத்தில் நின்று, “அன்ரி, அம்மாவுக்குப் பாத்துப் போடுங்க” என்று சிரித்தான்.

பாவம் என்று நான் நினைத்தேன் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? நான் கெப்டனைக் கூப்பிட்டேன். “எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு. ஒண்டு எடுக்க விடு. ரெண்டாவது ஓட அவவால ஏலாது” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான். “தெரியும்” என்றேன்.

ஒரே அடி வைத்துப் போட்டேன். அக்கா பெட்டை வைத்து நேர்த்தியாகத் தட்டினார். பந்து இடைவெளியில் உருண்டது. மகன் “ஓடுங்கம்மா” என்று பாய்ந்தான். அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் ஓடிவந்து சேர்ந்தார். “ரெண்டு, அம்மா, ரெண்டு” என்று மகன் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். அவர் ஊன்றிய காலிலேயே திரும்பினார். இரண்டடி வைத்தார். அவ்வளவுதான், கால் பூட்டிக்கொண்டது. என்னிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் அப்படியே நின்றார். முகம் வெளிறிவிட்டது. எதிரே வந்த மகன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

பந்து என் கைக்கு வந்தது. நான் ஸ்டம்பைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவரிடம் போனேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு மனவருத்தமும் இல்லை, மெட்ச் மெட்ச்தான்.

எங்கள் ஆட்கள் துள்ளுகிறார்கள், பேண்ட் அடிக்கிறார்கள், சிலர் அக்கா நிற்கிற நிலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அவருடைய கக்கத்தில் கையைக் கொடுத்தேன். “திரும்பாதீங்க. பாரத்த என்னில போடுங்க. மூச்சு விடுங்க” என்றேன். அவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். பிறகு காதுக்குள் கேட்டார், “உனக்கு எத்தின வருஷம்?”

“மூணு.”

“எனக்கு ஏழு” என்றார்.

ஏழு வருடமாக இந்த மனுசி ஒவ்வொரு பூசையிலும், ஒவ்வொரு ஜெபமாலையிலும் முன்வரிசையில் வெறும் தரையில் முழந்தாளிட்டிருக்கிறார். “ஏன் அக்கா?” என்றேன்.

“முழந்தாள் போடாட்டி சனம் என்ன கதைக்கும்?”

“நீங்க என்னப் பத்திக் கதச்சதத்தான் கதைக்கும்” என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அழுதார். “நீ போய்க் கதிரையில இருந்த அண்டைக்கு எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? உனக்கு வந்த தைரியம் எனக்கு வரல்லயே எண்டு” என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்தோம். மகன் பெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான், பாவம், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் கணவர் எல்லைக்கோட்டில் நின்று எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிட்ட வந்ததும் தலையை ஆட்டினார். “இதில நொண்டுறது நீயா அவவா எண்டு எனக்கு விளங்கல்ல. விளங்காதத வெச்சு நான் தீர்ப்புச் சொல்ல ஏலாது” என்றார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனுசன் எனக்குச் சொன்ன மிக நல்ல வார்த்தை அது.

திருவிழா முடிந்த கிழமை எல்லா அன்பியங்களுக்கும் பங்கு மண்டபத்தில் கூட்டம். கணக்கு வழக்கெல்லாம் கதைத்து முடிந்ததும், பங்குத்தந்தை அடுத்த வருட விளையாட்டுப் பற்றி ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஜெபக்கூட்ட அக்கா எழும்பினார். “ஃபாதர், எனக்கு முழங்கால் ஏலாது. ஏழு வருஷமா நோகுது. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இனி நானும் கதிரையிலதான் இருப்பன். அடுத்த வருஷமும் விளையாடுவன். அவ விளையாடுறதப் பத்தி இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது, முதல்ல கதச்சது நான்தான்” என்றார்.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண், “எனக்கும்தான் ஃபாதர்” என்றாள். இன்னொருத்தி கையை உயர்த்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் உயர்த்தினாள். பூசையில் எனக்கு முன்னால் வருடக்கணக்காக முழந்தாளிட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய முதுகை எத்தனை ஞாயிறு பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

நான் இன்றைக்கும் பந்து போடுகிறேன். அக்காவும் நானும் வெள்ளவத்தைப் பிள்ளையிடம் ஒரே பஸ்ஸில்தான் போய் வருகிறோம், வழி முழுக்கச் சண்டை, நான் ஸ்டம்பைத் தட்டியது நியாயமா இல்லையா என்று. வலி என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்று அந்தப் பிள்ளை ஒருநாளும் சொல்லவும் இல்லை. ஆனால் நோகிறது என்ற ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல ஒரு பெண்ணுக்கு ஏழு வருடம் எடுத்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால் இப்போது யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஓம், நோகுது, ஓம், போடுறன்.